அங்கங்கே நிறுத்திப் போன வண்டி

சுங்கக்காரர் எங்கள் மூட்டையை மேசைமேல் வைத்து முடிச்சைத் தேடினார். முடிச்சு இல்லை. அக்கா அதன் வாயை ஊசி நூல் கொண்டு தைத்து வைத்திருந்தாள்.

"என்னாம்மா இது, மூட்டைய யாராவது தைப்பாங்களா?" என்றார் அவர்.

என் முழங்கையைப் பிடித்திருந்த அக்காவின் விரல்கள் சில்லிட்டுப் போயிருந்தன. மார்கழி மாதம்தான், ஆனால் பிற்பகல் வெயில் சுள்ளென்று அடித்தது.

கடலூருக்குச் சற்று வடக்கே, பெண்ணையாற்றுக்கு அந்தப் பக்கம், புதுச்சேரி எல்லை முடிந்து நம் எல்லை தொடங்கும் இடம் அது. நமக்குச் சுதந்திரம் வந்துவிட்டது. புதுச்சேரியைப் பிரெஞ்சுக்காரன் இன்னும் விடவில்லை. அங்கிருந்து பட்டும் சென்ட்டும் கடத்தி வருகிறார்கள் என்று, வருகிற வண்டிகளையெல்லாம் நிறுத்திச் சோதனை போட்டார்கள். எங்களுக்கு முன்னால் ஒரு பஸ் நின்றது. அதில் வந்தவர்கள் எல்லாரும் வேப்ப மர நிழலில் பெட்டி படுக்கையோடு நின்றுகொண்டு, பொழுது போகாமல் எங்கள் மூட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த மூட்டை பிரிந்தால் அக்கா அந்த இடத்திலேயே உயிரை விட்டுவிடுவாள் என்று பயந்தேன். எழுத்துக்காகச் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படிப் பயந்தேன்.

மூட்டைக்குள் என்ன?

உங்களைக் காக்க வைக்க எனக்கு விருப்பமில்லை. உள்ளே இருந்தவை கிழிந்த வேட்டிகள், நைந்த புடவைகள். எல்லாம் கையகலத் துண்டுகளாகக் கிழித்து மடித்தவை. பாதி உலர்ந்தவை, பாதி ஈரமானவை.

அக்காவுக்கு முதல் பிரசவம் மிகவும் கஷ்டமாகிப் போனது. குழந்தை தங்கவில்லை. அவள் பிழைத்ததே பெரிய விஷயம் என்றார்கள். பிழைத்தவளுக்குச் சிறுநீரை அடக்கும் சக்தி போய்விட்டது. கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை போயாக வேண்டும். தும்மினால், சிரித்தால், எழுந்து நின்றால் அதற்குள்ளேயே கசிந்துவிடும். துணி மாற்றும்போதெல்லாம் மூட்டையைப் பிரித்து, மறுபடி தைத்துக்கொள்வாள்.

இன்றைக்கு இதற்கு வைத்தியம் இருக்கிறது. அன்றைக்கும் பெரிய ஆஸ்பத்திரிகளில் ஏதாவது இருந்திருக்கும். ஆனால் கேட்டால்தானே சொல்வார்கள்? கேட்பதற்கு அக்காவுக்கு வாய் வரவில்லை. சென்னையில் புருஷன் வீட்டின் பின்னறையில், வாசற்படி தாண்டாமல் வருஷக் கணக்கில் இருந்தாள். கல்யாணம், காதுகுத்து, கோயில், சினிமா ஒன்றும் கிடையாது. சிதம்பரத்தில் தெற்கு வீதியிலிருந்த எங்கள் அம்மா, "பொண்ணு மெட்ராஸ்காரி ஆயிட்டா, நம்மள மறந்துட்டா" என்று குறைப்பட்டுக்கொண்டிருந்தாள். அம்மாவிடமும் அக்கா சொல்லவில்லை. என்னிடம் மட்டும் சொன்னாள். அதுவும் நான் சென்னையில் அவள் வீட்டில் தங்கப் போய், அந்தத் துணி மூட்டைமேல் தடுக்கி விழுந்த பிறகு.

"எனக்கு ஒரே ஆசைதான்டி. ஒரு தடவ ஊருக்குப் போயி, அம்மா கையால ஒரு வேள சோறு துன்னுட்டு வந்துடணும். ஆனா எப்பிடிடி போறது?"

ரயிலில் முடியாது. பெட்டி நிறைய ஜனங்களுக்கு நடுவே அவள் எப்படி உட்காருவாள்? பஸ் அதைவிட மோசம்.

அவள் கணவருக்கு, அதாவது எங்கள் மாமாவுக்கு, இதெல்லாம் தெரியாதா என்று கேட்பீர்கள். ஒரே வீட்டில் இருப்பவருக்குத் தெரியாமல் இருக்குமா? தெரிந்துதான் இருக்கும். ஆனால் அவர் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அவளும் பேசியதில்லை. அருவருப்பில்தான் பேசாமல் இருக்கிறார் என்று அவள் முடிவு கட்டியிருந்தாள். அவர் மாடியறைக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டது அவளுக்குப் போதுமான சாட்சி.

தலைதீபாவளிப் பக்தி

மாமாவைப் பற்றி இந்த இடத்தில் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

திட்டக்குடிப் பக்கத்துக்காரர். அப்பா, தாத்தா எல்லாம் ஏர் பிடித்தவர்கள். இவர் படித்து, சென்னையில் ஓர் அலுவலகத்தில் ரோடுகளுக்கும் பாலங்களுக்கும் வரைபடம் போடும் வேலையில் இருந்தார். கஞ்சி போட்ட சட்டை. கழுத்துப் பொத்தான் வரை போட்டிருப்பார். வீட்டிலும் சட்டையைக் கழற்ற மாட்டார். மனிதருக்கு உடம்பு என்று ஒன்று இருப்பதையே ஒப்புக்கொள்ளாதவர் போல இருப்பார்.

தலைதீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வந்தபோது, முதல் நாள் தின்ற அதிரசமோ என்னவோ, அவருக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. கொல்லைப்புறம் எங்கே என்று மாமியார் வீட்டில் கேட்பதற்கு வெட்கம். "கோயிலுக்குப் போயிட்டு வரேன்" என்று கிளம்பினார். திரும்பி வந்தார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் "கோயிலுக்குப் போயிட்டு வரேன்" என்றார். சாயங்காலம் வரை இப்படியே நடந்தது. "எம்மாம் பக்தி பாரு மாப்பிள்ளைக்கு! நடராஜர விட்டு இருக்க முடியல" என்று அம்மா தெருவெல்லாம் சொல்லிக் கொண்டாடினாள். அவர் ஓடிய இடம் ரயிலடிக் கழிப்பறை என்பது பிறகு அப்பாவுக்கு மட்டும் தெரிந்தது. அப்பா வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது குறைவு. அன்று சிரித்தார்.

நம் ஜனங்களே இப்படித்தான். இடுப்புக்குக் கீழே நடப்பது எதுவும் வாய்க்கு வரக் கூடாது. நான் பெண்கள் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மாவாக இருந்தவள். வகுப்பில் ஒரு விரலைத் தூக்கிக் காட்டுவதற்குப் பயந்து கண்ணில் நீர் முட்ட உட்கார்ந்திருந்த பிள்ளைகளை எத்தனையோ பார்த்திருக்கிறேன். அந்த ஒரு விரலைக்கூடத் தூக்க முடியாதவர்கள்தான் வளர்ந்து என் அக்காவைப் போல ஆகிறார்கள் என்று எனக்குக் கோபம் கோபமாக வரும்.

மேசைமேல் விரித்த படம்

கிறிஸ்மஸ் விடுமுறையும் திருவாதிரையும் ஒட்டி வந்த வருஷம் அது. ஒருநாள் மாமா தாமாகவே சொன்னார்: "லீவுல ஊருக்குப் போலாம். சிநேகிதரு காரு தரேன்னாரு. பெட்ரோல் கூப்பனும் சேத்து வெச்சிருக்கேன். நானே ஓட்டுறேன்."

எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அக்கா பின்னறைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் மேசைமேல் ரோடு வரைபடத்தை விரித்தார். பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தார். எங்கே எங்கே நிற்பது என்று முடிவு செய்வதற்குத்தான் இவ்வளவு ஏற்பாடு.

"செங்கல்பட்டு தாண்டுனா ஒரு ஏரி வரும். அங்க வண்டிக்குத் தண்ணி காட்டணும்" என்றார். மாட்டுக்குத் தண்ணி காட்டுவது போலத்தான் அவர் காருக்கும் சொல்வார். பழைய கார், சீக்கிரம் கொதிக்கும் என்றார்.

"அப்புறம்?"

"மதுராந்தகம். அங்க ஏரிக்கரையில நிக்கலாம். அப்புறம் திண்டிவனத்துக்கு முன்னால ஒரு தாங்கல், சின்ன ஏரிதான். அங்கயும் தண்ணி காட்டணும்."

"ஏன் மாமா, காரா இல்ல ஒட்டகமா அது? இவ்ளோ தண்ணி குடிக்குது?"

அவர் சிரிக்கவில்லை. "ரேடியேட்டரு பழசு" என்றார்.

எனக்கு உள்ளுக்குள் பரம சந்தோஷம். ஏரி என்றால் கரை இருக்கும், கரையில் தாழம்புதர் இருக்கும், கழுவத் தண்ணீர் இருக்கும். நானும் அக்காவும் தனியாக ஒரு திட்டம் போட்டு வைத்திருந்தோம். எனக்குத் தலை சுற்றல், எனக்கு வாந்தி, எனக்கு ஐயனாருக்கு வேண்டுதல் என்று வழி நெடுக நான் சொல்லச் சொல்ல வண்டி நிற்க வேண்டும். அந்தப் பட்டியலில் பாதிக்கு வேலையில்லாமல் அந்த ரேடியேட்டர் செய்துவிட்டது.

திண்டிவனத்தில் மட்டும் எனக்குச் சண்டை வந்தது. ஊர் உலகமே அங்கிருந்து விழுப்புரம், பண்ருட்டி என்று நல்ல ரோட்டில் போகும். இவர் மரக்காணத்துக்குத் திரும்பிக் கடலோரமாகப் புதுச்சேரி வழியே போகலாம் என்றார்.

"பண்ருட்டில பெரியம்மா இருக்காங்க. விழுப்புரத்துல சித்தப்பா. தங்கிட்டுப் போலாமே மாமா!"

"வேணாம். கடலோரம்னா காத்து வரும்."

"ராத்திரிக்கு?"

"கடலூர்ல செம்மண்டலத்துல சிநேகிதர் வீடு. அவுங்க ஊர்ல இல்ல. சாவி குடுத்துட்டுப் போயிருக்காரு. கொல்லையிலயே கிணறு."

காற்று வாங்குவதற்காக உறவை எல்லாம் உதறுகிறாரே, என்ன மனுஷன் என்று மனதுக்குள் திட்டினேன்.

சவுக்குத் தோப்பு

ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கடலோர ரோடு எங்களுக்குக் கிடைத்த வரம்.

மரக்காணம் தாண்டியதும் ஈ காக்கை இல்லை. ஒரு பக்கம் உப்பளம் வெள்ளை வெளேரென்று கிடக்கும். இன்னொரு பக்கம் சவுக்குத் தோப்புகள். தோப்புக்கு அப்பால் கடல் இரைகிற சத்தம். உள்ளே நுழைந்துவிட்டால் உலகத்தில் ஒருவர் கண்ணுக்கும் தெரிய மாட்டோம். காலடியில் சருகு மெத்து மெத்தென்று இருக்கும். மாமா தோப்புக்குத் தோப்பு காரை நிறுத்தி, எஞ்சின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் திரும்பி வந்து கதவைச் சாத்திய பிறகுதான் மூடியை இறக்குவார்.

ஒரு தோப்பில் அக்கா கடலைப் பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டாள். எத்தனையோ வருஷம் கழித்துச் சுவர் இல்லாத இடத்தில் நிற்கிறாள். அலை எழுவதையும் விழுவதையும் பார்த்துப் பார்த்து அவள் முகம் சின்னப் பெண் முகமாக மாறியது. "எம்மாம் பெருசுடி!" என்றாள். சின்ன வயதில் கடலூருக்குப் போகும்போதெல்லாம் தேவனாம்பட்டினத்துக் கடலில் விளையாடியவள்தான். அன்றுதான் முதல் தடவை பார்ப்பவள் போலச் சொன்னாள். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

புதுச்சேரிக்குள் நுழையும்போது யாரும் எங்களை எதுவும் கேட்கவில்லை. வெளியே வரும்போதுதான் இந்த மேசை. படத்தில் ஏரி, குளம், தோப்பு எல்லாவற்றையும் குறித்து வைத்த மாமா, சுங்கத்தை மறந்துபோனார்.

மேசைக்கு முன்னால்

"பிரிங்கம்மா" என்றார் சுங்கக்காரர். அவரைக் குறை சொல்ல மாட்டேன். தைத்த மூட்டையைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும்.

"பழந்துணிங்க" என்றேன் நான்.

"பழந்துணியையா தைச்சு எடுத்தாறீங்க?"

வேப்ப மரத்தடியில் சிரிப்புக் கிளம்பியது. அந்தக் கூட்டத்தில் எங்கள் தெருவில் காப்பிக்கொட்டை வறுத்து அரைத்து விற்கும் கணபதி அண்ணன் நிற்பதை அப்போதுதான் பார்த்தேன். அவர் காதுக்கு எட்டினால் போதும், சிதம்பரத்தின் நான்கு வீதிக்கும் எட்டிவிடும். "அடடே, தெற்கு வீதிப் பொண்ணுங்களா?" என்று அவர் கிட்டே வந்தார்.

சுங்கக்காரர் கத்தியால் தையலைக் கீறினார். ஒரு துண்டை இழுத்தார். மஞ்சள் கறை. வாடை எழுந்தது. முகத்தைச் சுளித்தபடி, "யாரு துணி இது? என்னா சமாச்சாரம்?" என்று அக்காவைப் பார்த்தார்.

அக்காவின் கண்கள் செருகின. அவளைத் தாங்கிப் பிடித்தேன்.

"அது என்னுதுங்க."

மாமாவின் குரல். காருக்குப் பக்கத்தில் நின்றிருந்தவர் மேசைக்கு முன்னால் வந்துவிட்டார். கழுத்துப் பொத்தான் போட்டபடியே இருந்தது. காது இரண்டும் சிவந்திருந்தன.

"உங்களுதா?"

"எனக்கு மூலம் சார். வருஷக் கணக்கா இருக்கு. கசிஞ்சுகிட்டே கெடக்கு. துணி வெச்சாத்தான் உக்கார முடியும்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. கணபதி அண்ணன், "அப்புறம் எப்பிடி மாப்ள மெட்ராஸ்லேந்து வண்டி ஓட்டியாந்தீங்க?" என்றார்.

"அதான் அங்கங்க நிறுத்தி நிறுத்தி வரேன்" என்றார் மாமா. "ஏரி, தோப்பு எங்க இருக்குன்னு பாத்து வெச்சுக்கிட்டு வரேன். சொந்தக்காரங்க வீட்டு வழியா வந்தா சங்கடம். அதான் இந்த வழி."

அவர் சொன்னது கணபதி அண்ணனுக்கு. எனக்கு அப்போதுதான் புரிந்தது. ரேடியேட்டர் பழுதே இல்லை. மேசைமேல் பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்த அந்த இரவில், அவர் ஊர்களைத் தேடவில்லை. அக்காவுக்கு மறைவிடம் தேடிக்கொண்டிருந்தார்.

மாமியார் வீட்டில் கொல்லைப்புறம் கேட்க வெட்கப்பட்டு ரயிலடிக்கு ஓடிய மனிதர் இவர். இத்தனை பேருக்கு நடுவே, அதுவும் கணபதி அண்ணன் முன்னால், எப்படி அந்த வார்த்தையை வாயிலிருந்து எடுத்தார்? இன்று நினைத்தாலும் எனக்குக் கும்பிடத் தோன்றுகிறது. நான் எத்தனையோ பெரிய மனிதர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த மேசைக்கு முன்னால் நின்ற மாமாவின் உயரத்துக்கு ஒருவரையும் பார்க்கவில்லை.

சுங்கக்காரர் விரலைத் துடைத்துக்கொண்டு, "எடுத்துக்கிட்டுப் போங்க சார்" என்றார். சற்றுத் தாழ்ந்த குரலில், "எங்க அப்பாவுக்கும் இருக்கு. ரொம்ப நேரம் உக்காராம பாத்துக்குங்க" என்று சேர்த்துக்கொண்டார்.

துத்திக்கீரை

அதற்குப் பிறகு மாமா பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் போவதற்கு முன்பே பஸ் சிதம்பரம் போய்விட்டது. கணபதி அண்ணன் தம் கடமையைச் செய்துவிட்டார். அந்த வருகையில் தொடங்கி, பிறகு மாமா சிதம்பரத்துக்கு வந்த ஒவ்வொரு தடவையும் அம்மா அவருக்கு, மூலத்துக்கு நல்லது என்று துத்திக்கீரைக் கூட்டு வைத்தாள். கருணைக்கிழங்கு மசியல் வைத்தாள். மிளகாயைக் கண்ணில் காட்டவில்லை. தெருவில் போனால் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். லால்பேட்டையிலிருந்து வரும் அத்தர் வியாபாரி ஒருவர், "மோர் ஜாஸ்தி குடிங்க தம்பி" என்று நடுவீதியில் நிறுத்திச் சொல்லிவிட்டுப் போனார். உட்காரும்போதெல்லாம் யாராவது தலையணை கொண்டு வந்து போடுவார்கள். மாமாவும் பேசாமல் அதன்மேல் உட்காருவார்.

கருணைக்கிழங்கு அவருக்குத் தொண்டை அரிக்கும். ஒரு நாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை. வயதாகி, பல் போன பிறகும், உண்மையை யாரிடமும் சொல்லவில்லை.

ஆலப்பாக்கத்துக்கு இந்தப் பக்கம்

அன்று எல்லையைத் தாண்டிக் கடலூர் போய்ச் சேர்ந்தோம். செம்மண்டலத்து வீட்டில் அக்கா சமையலறைச் சுவரைப் பார்த்தபடி வெகுநேரம் அழுதாள். மாமா திறந்தவெளியில் நின்று காரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஏற்கெனவே துடைத்த கண்ணாடியைத்தான் திரும்பத் திரும்பத் துடைத்தார்.

காலையில் புறப்பட்டபோது அக்கா பின்னால் ஏறவில்லை. முன் கதவைத் திறந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். மாமா வண்டியைக் கிளப்பினார்.

பழைய டவுன் தாண்டி ரோடு தெற்கே இறங்கியது. ஆலப்பாக்கம் வருவதற்கு முன்னால் ஒரு வெட்டவெளி. இரண்டு பக்கமும் கண்ணுக்கு எட்டிய வரை நெல் வயல், தலை சாய்ந்த கதிர். மரம் இல்லை, புதர் இல்லை, ஒரு மேடுகூட இல்லை. நான் பின்னாலிருந்து அடுத்த ஏரியைக் கண்ணால் தேடிக்கொண்டிருந்தேன். தலை சுற்றுகிறது என்று சொல்லலாமா என்று யோசித்தேன்.

அக்கா அவர் கையைத் தொட்டாள்.

"ஏங்க, நிறுத்துங்க. எனக்கு ஒண்ணுக்குப் போவணும்."

அவ்வளவுதான். எங்கள் வகுப்புக் குழந்தைகளுக்குச் சொல்ல வராத வார்த்தை. வருஷக் கணக்காக ஒரு வீட்டுக்குள் இரண்டு பேருக்கு நடுவே சொல்லப்படாமல் கிடந்த வார்த்தை. அதை என் அக்கா பட்டப்பகலில் சொன்னாள்.

"தோ" என்றார் மாமா. காரை ஓரம் கட்டினார். இறங்கி, வயல் பக்கத்துக் கதவுகள் இரண்டையும் விரியத் திறந்து வைத்தார். நடுவில் நான் என் சால்வையைப் பிடித்துக்கொண்டேன். மாமா ரோடு பக்கம் பார்த்துத் திரும்பி நின்றார்.

அந்த நேரம் பார்த்துச் சிதம்பரத்திலிருந்து ஒரு பஸ் வந்தது. தூரத்தில் புழுதி தெரிந்ததுமே அக்கா, "ஐயோ" என்று எழப் பார்த்தாள்.

"நீ இரு" என்றார் மாமா.

அவர் நடு ரோட்டுக்கு நடந்தார். பஸ்ஸுக்கு எதிரே போய், இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றார். கஞ்சி போட்ட சட்டை காற்றில் விடைத்துக்கொண்டிருந்தது. பஸ் கிறீச்சென்று நின்றது. டிரைவர் தலையை நீட்டி, "என்னா சார், சாவணுமா? வண்டி ரிப்பேரா?" என்று கத்தினார்.

"ரிப்பேரு இல்ல" என்றார் மாமா. அவர் குரல் எங்கள் இரண்டு பேருக்கும் தெளிவாகக் கேட்டது. "எங்க வீட்டம்மா ஒண்ணுக்குப் போறாங்க. செத்த நில்லுங்க."

டிரைவர் எஞ்சினை அணைத்தார். கண்டக்டர் பின்னால் திரும்பி, "அந்தப் பக்கம் படுதாவ எறக்குங்கப்பா" என்றார். பஸ்ஸின் பக்கவாட்டுப் படுதாக்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின.